அது வேற கதை

2013 ஆகஸ்டில் டமஸ்கஸின் புறநகரான கூட்டாவில் இரசாயன ஆயுதம் பயன்படுத்தப்பட்ட பின்பு, சிரியாவைத் தாக்குவதா என்று அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், வாஷிங்டன் போஸ்டும் ஏபிசியும் எடுத்த கருத்துக்கணிப்பில் குடியரசுக் கட்சியினரில் நூற்றுக்கு 22 பேரே அதற்குச் சம்மதித்தார்கள். 2017 ஏப்ரலில் ட்ரம்ப் அதே நாட்டின் ஷைராத் விமானத்தளத்தின் மீது 59 டோமஹாக் ஏவுகணைகளை ஏவியபோது, அதே கட்சியினரில் 86 பேர் சரியென்றார்கள். இரண்டு முறையும் இரசாயன ஆயுதத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்டது அப்போதைய சிரிய ஜனாதிபதி அசாத்தின் அரசுதான். அமெரிக்க ஜனாதிபதியின் கட்சிதான் வேறு: ஒபாமா ஜனநாயகக் கட்சி, ட்ரம்ப் குடியரசுக் கட்சி. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைக் கேட்காமல் சிரியாவைத் தாக்கக் கூடாது என்று 2013இல் ட்விட்டரில் எழுதியவர்களில் ட்ரம்பும் ஒருவர்.

ஜனநாயகக் கட்சியினரின் கணக்கு 2013இல் 38, 2017இல் 37 என்று ஏறக்குறைய அசையாமல் நின்றது. அதற்காக அவர்களை உத்தமர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. உடனடி ஆபத்து இல்லாதபோது தன்னிச்சையாகத் தாக்குதலுக்கு உத்தரவிட ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை என்று 2007இல் வேட்பாளராகச் சொன்ன ஒபாமா, 2011 மார்ச்சில் லிபியா மீது விமானங்களை அனுப்பியபோது காங்கிரஸின் அனுமதியைப் பெறவில்லை. 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரச் சட்டம் கொடுக்கும் 60 நாள் தவணை கடந்த பின்பு, தரைப்படை இறங்கவில்லை, அமெரிக்கர்களுக்கு உயிராபத்தும் பெரிதாக இல்லை, ஆகவே அச்சட்டம் சொல்லும் போர்ச் செயலுக்குள் இது அடங்காது என்று அவருடைய நிர்வாகம் வாதாடியது.

கொழும்பில் இருந்துகொண்டு இதைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும், 1999ஆம் ஆண்டு நினைவுக்கு வராதிருந்தால். யூகோஸ்லாவியாவில் ஒடுக்கப்பட்ட கொசோவோ அல்பேனியர்களுக்காக, அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனும் நேட்டோவும் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் அங்கீகாரமின்றி 78 நாட்கள் குண்டு வீசிய அந்தக் காலத்தில், வெள்ளவத்தையில் மாமா வீட்டு முன்னறையில், சத்தம் வெளியே போகாதபடி வானொலியைக் குறைத்து வைத்துப் பிபிசி தமிழோசை கேட்போம். ஒவ்வொரு தாக்குதல் செய்தியிலும் மாமாவின் முகம் மலர்ந்தது. சிறுபான்மை இனத்தவருக்காக வல்லரசு ஒன்று வானத்தில் வருகிறது என்றால், அந்த வானம் நாளை இலங்கைத் தமிழரான நமக்கும் திறக்கலாம் என்ற கணக்கு அது. நானும் அதே கணக்கைத்தான் போட்டேன்.

2003இல் ஈராக் போர் தொடங்கியபோது, ஐ.நா. அனுமதியில்லாத அப்பட்டமான ஆக்கிரமிப்பு என்று மாமா கொதித்தார். அவர் சொன்னது சரிதான். கொசோவோவுக்கும் அந்த அனுமதி இருக்கவில்லையே மாமா, என்று கேட்டேன். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "அது வேற கதை, தம்பி" என்றார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, லிபியாவைப் பற்றி அலுவலக நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். ஒபாமாவை எனக்குப் பிடித்திருந்தது. நானும் அதே மூன்று சொற்களைத்தான் சொன்னேன்.