இ முதல் சி வரை 30 மீட்டர்

டிசம்பர் 18

மார்கழிக் காற்று தொடங்கிவிட்டது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்த மாதங்களில் கிழக்கே தமிழ்நாட்டிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று தென்னை மட்டைகளைப் போட்டு உலுக்கும். உச்சியில் கள் இறக்குகிறவர் பாளையைத் தட்டுகிற சத்தம் வேறு. என் குதிரை ராசு ஒரு காதை அங்கேயே வைத்துக்கொண்டு ஓடுகிறான்.

ஜனவரிக் கடைசியில் பெங்களூரில் டிரெஸ்ஸாஜ் தேர்வு: குறித்த இடத்தில் குறித்த நடையைக் குதிரையோடு செய்து காட்டி நடுவரிடம் மதிப்பெண் வாங்க வேண்டும். தாளில் நான் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கும் இடம் ஒன்றுதான்: வலது கேன்டரில் (மூன்று தாளத் துள்ளோட்டம்) வந்து, மைதான ஓரத்தில் வைத்திருக்கும் இ எழுத்தில் ட்ராட் (இரண்டு தாள ஓட்டம்), சி எழுத்தில் வாக் (சாதாரண நடை). 20க்கு 40 மீட்டர் மைதானத்தில் இ-யிலிருந்து மூலை திரும்பி சி வரை 30 மீட்டர். அதற்குள் இரண்டு முறை நடையை இறக்க வேண்டும். சவாரி செய்பவரின் உடம்பு எழுத்துக்கு நேரே வரும்போது நடை மாறியிருக்க வேண்டும். வாயால் ‘ஓ… ஓ…’ என்று சொல்லவும் முடியாது, குரல் கொடுத்தால் மதிப்பெண் போய்விடும்.

டிசம்பர் 21

ராசு ரேஸ் குதிரையாக இருந்தவன். பந்தயத்தில் ஜாக்கி லகானை இறுக்கிப் பிடித்தால் குதிரை அதில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகியிருக்கும். அதனால் இவனிடம் லகானை இழுத்து வேகத்தைக் குறைக்க நினைப்பதில் அர்த்தமே இல்லை. இழுக்க இழுக்கக் கழுத்தை விறைத்து, முதுகைப் பள்ளமாக்கி, முன்னங்கால்களில் பாரத்தைப் போட்டுவிடுவான். அப்புறம் ட்ராட் வந்தாலும் தடதடவென்றுதான் வரும்.

எனக்குப் பயிற்சி தருகிற மாஸ்டர் இன்று முழுக்க அங்கவடி இல்லாமல் ஓட்டச் சொன்னார். “கை கேக்கக் கூடாது அம்மிணி. இடுப்பு கேக்கணும், கால் கூடவே இருக்கணும்.” வேகத்தைக் குறைக்கும்போது காலை எடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கால் விலகினால் பின்னங்கால்கள் வயிற்றுக்கடியில் வந்து பாரத்தை வாங்காது. இறங்குகிற நடைமாற்றத்தையும் முன்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். என்னைக் கேட்டால் இந்தப் பாடமே அவ்வளவுதான், மற்றதெல்லாம் இதைச் செய்து முடிக்கிற வழிகள்.

டிசம்பர் 27

இரண்டு நாள் வேலை இல்லை. முன்னங்கால் லாடம் ஆடியது, பொள்ளாச்சியிலிருந்து லாடக்காரர் வந்து மாற்றிக் கொடுத்தார்.

ஜனவரி 3

இன்று நேரம் பிடிபட்டது. அதை விவரமாக எழுதி வைக்கிறேன்.

வலது கேன்டரில் முதலில் ஊன்றுவது இடது பின்னங்கால். அடுத்து வலது பின்னங்காலும் இடது முன்னங்காலும் சேர்ந்து. கடைசியாக வலது முன்னங்கால். அப்புறம் நான்கு காலும் தரையில் இல்லாத ஒரு நொடித்துணுக்கு. மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கால்கள் தெரியாது, பிடரி தெரியும். பிடரி மேலே எழும்பும்போது இடது பின்னங்கால் தரையில் இருக்கிறது. ஹாஃப் ஹால்ட், அதாவது நிறுத்தாமலே குதிரையை ஒரு கணம் கூட்டிச் சேர்க்கிற சைகை, கொடுக்க வேண்டியது அப்போதுதான். மூச்சை விட்டு, வயிற்றை இறுக்கி, இடக்கை விரல்களை ஈரத்துணி பிழிகிற மாதிரி ஒரு முறை மூடி, உடனே திறக்க வேண்டும். திறப்பதை விட்டுவிட்டால் அது ஹாஃப் ஹால்ட்டே இல்லை, வெறும் இழுப்பு.

இ வருவதற்கு முன்பே இப்படி இரண்டு மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் கேன்டர் கொஞ்சம் குறுகி, முன்பக்கம் லேசாகிறது. கடைசி முறை இடுப்பு கேன்டரோடு ஆடுவதை நிறுத்தியதும் ராசு தானாகவே ட்ராட்டுக்கு வந்தான், கடிவாளத்தை மென்றுகொண்டே. வேலிக்கு வெளியே நின்ற ஆறுச்சாமி அண்ணன், “இப்பத்தான் அம்மிணி மண்ணு பின்னால தெறிக்குது” என்றார். அதற்குமேல் ஒரு நடுவர் என்ன சொல்லிவிடப் போகிறார்!

ஜனவரி 9

ராத்திரி மாஸ்டர் வீட்டில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு வீடியோ பார்த்தோம். 2023இல் அனுஷ் அகர்வாலா, ஹ்ருதய் சேடா, திவ்யக்ரிதி சிங், சுதீப்தி ஹஜேலா நால்வரும் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வாங்கினார்கள். 1982 டெல்லிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்கு வந்த முதல் தங்கம். அங்கே அவர்கள் செய்த ப்ரி செயின்ட் ஜார்ஜ் என்கிற உயர்நிலைத் தேர்வு தொடங்குவதே கேன்டரில் நுழைந்து மைதான நடுவிலுள்ள எக்ஸில் நேராக நிற்பதில்தான். நடுவே ட்ராட் கிடையாது, வாக் கிடையாது. மாஸ்டர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். நிற்பதற்கு முந்தைய கேன்டர் அடிகளைப் பார்க்கச் சொன்னார். பின்பக்கம் எப்படித் தாழ்கிறது! தலை அசையவே இல்லை. நின்றது என்பது அந்த அடிகளின் முடிவுதான், தனி வேலை இல்லை.

ஜனவரி 14

பொங்கல். ராசுவுக்குக் கொஞ்சம் கரும்பு. காலையில் பொங்கல் வைக்கும் முன்பே ஓட்டிவிட்டேன்.

ட்ராட்டிலிருந்து வாக்குக்குப் புதுப் பயிற்சி. வாக் வரப்போகிறது என்கிற அளவுக்கு ட்ராட்டைச் சுருக்கி, வருவதற்குள் மறுபடி முன்னே அனுப்புவது. வட்டத்தில் ஒரு சுற்றுக்கு நான்கு இடத்தில். இப்படிச் செய்தால் குதிரை ‘நின்றுவிடலாம்’ என்று அணைந்துபோகாமல் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. பிறகு நிஜமாகவே வாக் கேட்டால் முதல் அடியே நான்கு தாளமாகத் தெளிவாக விழுகிறது. காற்றும் கள் மரமும் இன்று அவன் காதில் ஏறவே இல்லை.

ஜனவரி 27, பெங்களூரு

மதிப்பெண் தாள் கைக்கு வந்தது. இ-யில் பத்துக்கு 6.5. சி-யில் 7, அதற்குப் பக்கத்தில் ‘தெளிவான முதல் அடிகள்’ என்கிற பொருளில் ஒரு குறிப்பு. கடைசி நிற்பில் இடது பின்னங்கால் கொஞ்சம் பின்தங்கியதால் 6. எல்லாம் நியாயமான மதிப்பெண்கள்.

மாஸ்டருக்குப் போன் செய்தேன். “7 வந்துச்சா? சரி, ஊருக்கு வா. திங்கக்கிழமையிலிருந்து கேன்டர்லருந்து நேரா வாக்” என்றார். சரிங்க மாஸ்டர் என்றேன்.