அப்பாவின் ஹார்ட் டிஸ்க்

கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் ஞாயிறு காலை பூட் ஆகவில்லை. விண்டோஸ் சின்னம் வரும், சுற்றும், திரை கறுக்கும், மறுபடி முதலிலிருந்து. 2011 டிசம்பர் 30, தானே புயல் கரையைக் கடந்த அன்று சாய்ந்துபோன எங்கள் முந்திரித் தோப்பின் படங்கள் அதில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

முதலில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டினேன். கடல் காற்றுக்கு இங்கே எல்லாமே சீக்கிரம் களிம்பேறிவிடும். பலனில்லை. ஆனால் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸில் டிஸ்க் தெரிந்தது, அதுவே பெரிய ஆறுதல். அப்புறம் பென் டிரைவிலிருந்து உபுண்டுவை (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) ஓட்டி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தேன். 'கரண்ட் பெண்டிங் செக்டார்' 212. படிக்க முடியவில்லை என்று டிஸ்க்கே குறித்து வைத்திருக்கும் இடங்கள் அவை.

கடையில் கேட்டால் விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் ஓட்டச் சொன்னார்கள். தயவுசெய்து அதை முதலில் செய்யாதீர்கள். ஃபைல் அமைப்பைச் சரிசெய்கிறேன் என்று அது அதே டிஸ்க்கில்தான் எழுதும். நான் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை வைத்துப் புது டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று குறித்து வைக்க ஒரு மேப் ஃபைல் கொடுத்திருந்தால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எனக்கு இரண்டு முறை போனது. டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால் மட்டும் இதையும் செய்யாமல் உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.

14 மணி நேரம் ஆனது. விண்டோஸ் பிழைக்கவில்லை. நான்கு படங்கள் தவிர எல்லாம் வந்துவிட்டன. சாய்ந்த மரத்தின்மேல் கைவைத்து அப்பா நிற்கும் படத்தைத்தான் முதலில் திறந்தேன்.