சூரியனில் ஹைட்ரஜனே மிகுதி என்று கண்ட செசிலியா பெயின்

சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையில் இரும்பு, கால்சியம் போன்ற தனிமங்களுக்கே உரிய கோடுகள் மிகுதியாகத் தெரிவதால், சூரியனும் ஏறத்தாழ பூமியின் கலவையையே கொண்டது என்று 1920களின் வானியலாளர்கள் பலர் நம்பினர். கேம்பிரிட்ஜில் படித்தும் பெண் என்பதால் பட்டம் பெற முடியாமல், 1923இல் ஹார்வர்டு வானாய்வகத்துக்குச் சென்ற செசிலியா பெயின், இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹாவின் அயனியாக்கச் (அணுக்கள் எலக்ட்ரான்களை இழப்பதைக் கணக்கிடும்) சமன்பாட்டை அங்கிருந்த விண்மீன் நிறமாலைகளுக்குப் பொருத்திப் பார்த்தார். ஒரு கோடு அழுத்தமாகத் தெரிவது அந்தத் தனிமத்தின் அளவை மட்டுமல்லாமல், வெப்பத்தால் அதன் அணுக்கள் எத்தனை எலக்ட்ரான்களை இழந்துள்ளன என்பதையும் பொறுத்தது. அதைக் கணக்கில் கொண்டபோது, சிலிக்கான் முதலியவை பூமியில் உள்ளதை ஒத்த விகிதத்தில் இருக்க, ஹைட்ரஜன் உலோகங்களைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு மிகுந்திருந்தது. அன்று பெரும் செல்வாக்குடன் இருந்த அமெரிக்க வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் இதை ஏற்க மறுத்ததால், 1925ஆம் ஆண்டு ஆய்வேட்டில் அம்முடிவு பெரும்பாலும் உண்மையாக இராது என்று பெயினே எழுத நேர்ந்தது. அப்போதுதான் ஆய்வுலகில் நுழைந்த ஒருவருக்கு வேறு வழி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை; இருப்பினும், அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. 1929இல் ரஸ்ஸலே வேறு முறையில் அதே முடிவை அடைந்து, பெயினின் ஆய்வையும் தம் கட்டுரையில் குறிப்பிட்டார்.