ஒன்பது நிலையும் தெரியணும் டீச்சர்

"குறை மட்டும் சொல்லுங்க, நல்லா இருக்குன்னு சொல்ல வீட்டுல ஆள் இருக்கு." என் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் இதைச் சொல்லிவிடுவார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே குறையைக் கேட்க வந்தவர்கள் என்பது முதல் குறையைச் சொல்லி வாயை மூடுவதற்குள் முகத்தில் தெரிந்துவிடும். ஒருவர் நிஜமாகவே கேட்டார். அதனால்தான் இது இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்புக்குக் கேட்டிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

அவர் தையல்காரர். புது மண்டபத்தில் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காலத்து ஆள், வயதில் மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அவர் கொண்டுவந்த படம் தெற்குச் சித்திரை வீதியிலிருந்து பார்க்கிற மதுரை மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரம், வாட்டர்கலர். வீதி சாய்வாக ஓடுகிறது, கடைகள் தூரம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. கோபுரம் மட்டும் அந்த வீதிக்குக் கட்டுப்படாமல் நம்மைப் பார்த்து நேராகத் திரும்பி நிற்கிறது. ஒன்பது நிலையையும் எண்ணலாம். நிலைக்கு நிலை கோடு படுக்கை மட்டமாக, ஸ்கேல் வைத்தது போல. கலசங்கள் ஒன்றை ஒன்று மறைக்காமல் வரிசையாக. சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றையும் மெல்லிய ஜீரோ பிரஷ்ஷில் கண், மூக்கு வைத்து வரைந்திருந்தார். எத்தனை ராத்திரி உட்கார்ந்தாரோ.

முதலில் நல்லதைச் சொன்னேன், அதுவும் மனதறிந்துதான். தெற்குக் கோபுரத்தின் இரண்டு பக்கச் சரிவும் நேர்கோடு கிடையாது, லேசாக உள்வாங்கி வளைந்து ஏறும். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட அதை முக்கோணமாக வரைந்துவிட்டுப் போவார்கள். இவர் அந்த வளைவைப் பிடித்திருந்தார். சொன்னேன். "அது இருக்கட்டும் டீச்சர், குறையைச் சொல்லுங்க" என்றார். முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு என்று அடுக்கிக் கொடுக்கச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. பெரியவர்களிடம் அது செல்லாது. வாழ்நாள் முழுக்க வாடிக்கையாளர்களைச் சமாளித்தவர்கள், இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி என்று நிழலில் ஆரம்பித்தேன். நிழல் விழும் இடத்துக்கெல்லாம் கறுப்பைக் கலந்திருந்தார், படம் புகை பிடித்தது போல இருந்தது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் உயிருள்ள ஒரு சாம்பல் நிறம் வரும், நீலத்தைக் கூட்டினால் குளிர்ச்சி, பழுப்பைக் கூட்டினால் சூடு, கறுப்பு ட்யூபை வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க என்றேன். சந்தோஷமாக பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். இத்தனை வருடத்தில் நான் பார்த்தது இது: பொருளைப் பற்றிச் சொல்லும் குறை யாரையும் காயப்படுத்துவதில்லை. தாள் மெல்லிசாக இருக்கிறது, முன்னூறு ஜிஎஸ்எம் கனத்தில் வாங்குங்கள், அடி வாஷ், அதாவது தண்ணீர் கலந்த முதல் பூச்சு, காய்வதற்குள் அடுத்ததைப் போட்டுவிட்டீர்கள், அதனால்தான் காலிஃப்ளவர் மாதிரி கறை பூத்திருக்கிறது. இதெல்லாம் கடையில் வாங்கக்கூடியது, கையில் பழகக்கூடியது. அவர்கள் பார்த்த விதத்தையே தொடும்போதுதான் சிக்கல்.

தொட்டேன். அது என் வேலை. வீதி ஒரு கண்மட்டத்தில் இருக்கிறது, கோபுரம் வேறொன்றில் இருக்கிறது என்றேன். கண்மட்டம் என்றால் பார்க்கிறவரின் கண் இருக்கும் உயரம். மாணவர்களின் தாளில் நான் கை வைப்பதில்லை, மேலே ட்ரேசிங் பேப்பரை விரித்துத்தான் கோடு போடுவேன். அப்படியே போட்டுக் காட்டினேன். நீங்கள் வீதியில் நிற்கிறீர்கள், உங்கள் கண் தரையிலிருந்து ஐந்தடி. கோபுரம் நூற்றெழுபது அடி. கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் கோடெல்லாம் விலகிப் போகப் போகக் கீழே இறங்கும், கடைகளின் கோடு போய்ச் சேர்கிற அதே புள்ளியைத்தான் கோபுரத்தின் கோடும் தேடிப் போக வேண்டும். நிலைகள் கட்டும்போதே மேலே போகப் போகச் சிறிதாகத்தான் கட்டியிருக்கிறார்கள், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இன்னும் நெருங்கித் தெரியும். கலசம் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டுதான் தெரியும், எண்ண வராது.

அவர் ட்ரேசிங் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "டீச்சர், சட்டை உடம்புல எப்படித் தெரியும்னு பார்த்து நாங்க வெட்ட மாட்டோம். அளவு என்னவோ அதுக்குத்தான் வெட்டணும். ஒன்பது நிலைன்னா ஒன்பது நிலையும் தெரியணும்ல?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், அவ்வளவு தூரத்தில் சிற்பம் தனித்தனியாகவா தெரிகிறது, வெளிச்சத் திட்டு, நிழல் திட்டு அவ்வளவுதானே, பாதியை விட்டுவிடலாம் என்றேன்.

"அதெல்லாம் சாமி டீச்சர். எந்தச் சாமிய விடச் சொல்றீங்க?"

இதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் பின் வரிசையிலிருந்து கல்லூரிப் பெண் ஒருத்தி, "மேம், பெரிய ஆர்ட்டிஸ்ட் யாராவது இப்படி வரைஞ்சா ஸ்டைல்னு சொல்வீங்கதானே?" என்று கேட்டாள். அவளுக்கு என்னிடம் பதில் இருந்தது, எல்லா ஓவிய ஆசிரியர்களிடமும் இருக்கும் பதில். விதியைத் தெரிந்துகொண்டு விடுவது வேறு, தெரியாமல் விடுவது வேறு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றி 1966இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் கூடியவர்களும் தூரத்தைக் காட்டுகிற பர்ஸ்பெக்டிவ் கோட்டை ஒரு கட்டத்தில் தூக்கிப் போட்டார்கள் என்றால், அதற்கு முன்னால் அதைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். நீங்கள் முதலில் குடியுங்கள், பிறகு துப்புங்கள் என்றேன். கொஞ்சம் கரடுமுரடாகத்தான் வந்தது, ஆனால் வகுப்பு அடங்கிவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பதில்தான் என்னைக் குடைந்தது. தப்பு என்று சொல்ல மாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அது அவருடைய கேள்விக்குப் பதில் இல்லை. நான் கற்றது எங்கிருந்து வந்தது? 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் மதராஸில் தொடங்கிய கலைப் பள்ளி, அதன் வழியில் வந்த பாடம், கும்பகோணத்தில் எனக்குக் கிடைத்தது. ஒரே இடத்தில் அசையாமல் நின்று, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டி அளக்கிற பார்வை. தஞ்சாவூர் ஓவியத்தில் கிருஷ்ணன் நடுவில் பெரிதாக இருப்பது அவன் நமக்குப் பக்கத்தில் நிற்பதாலா? அங்கே கண்மட்டம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வரைந்தவருக்குத் தெரியாமல் போய்விட்டது என்றும் சொல்வதில்லை. அப்படியானால் தையல்காரரிடம் மட்டும் ஏன் கேட்டேன்?

ஏனென்றால் வீதியை அவரே சாய்வாக வரைந்திருந்தார். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முழுப் படமும் தஞ்சாவூர் மாதிரி இருந்திருந்தால் வேறு பேச்சு. பாதிப் படத்தில் ஒரு விதி, மீதிப் பாதியில் இன்னொன்று என்றால், கற்றுக்கொடுக்கிறவள் அதைச் சொல்லாமல் இருந்தால் மாசாமாசம் ஃபீஸ் எதற்கு? பள்ளியில் ஏழு வயதுப் பிள்ளை கோபுரத்தையும் வீட்டையும் யானையையும் ஒரே உயரத்தில் வரைந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன், அது அந்த வயதின் கண். பத்து பதினொரு வயதில் அதே பிள்ளை ரப்பரை வைத்துத் தேய்த்துத் தேய்த்து, எனக்கு வரைய வரல டீச்சர் என்று நோட்டை மூடும்போதுதான் இந்தக் கோடுகளைக் கற்றுக்கொடுக்க வேண்டும், அப்போது அது உதவி. இவர் எந்த நோட்டையும் மூடவில்லையே என்று ஒரு எண்ணம் குறுக்கே வரும். ஆனால் கேட்டாரே. குறை மட்டும் சொல்லுங்க என்று அவர்தானே கேட்டார்.

குறை கேட்கிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். கும்பகோணத்தில் ஒரு ஆசிரியர் பின்னால் வந்து நின்று ஒன்றும் பேசாமல் கட்டை விரலால் என் கரிக்கோட்டை அழித்துவிட்டு அவர் கோட்டைப் போட்டுவிட்டுப் போவார். அவர் கோடு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாளை அப்புறம் எடுத்துப் பார்க்கவே பிடிக்காது. ட்ரேசிங் பேப்பர் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். இன்னொரு மூத்தவர், பெரிய பெயர் உள்ளவர், என் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "பேப்பர் நல்ல பேப்பர்ம்மா, எங்க வாங்கின?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு எனக்கு யாராவது கண்மட்டம் தப்பு என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதனால் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அவர் வகுப்பை விட்டு நிற்கவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மனம் நொந்து போய்விட்டார் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒழுங்காக வந்தார், பெட்டி, படிக்கட்டு, தூண் வரிசை என்று நான் கொடுத்த பயிற்சியை எல்லாம் மற்றவர்களைவிடச் சுத்தமாகச் செய்தார். கண்மட்டம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனால் வீட்டில் வரைகிற எதையும் அதன் பிறகு கொண்டுவந்து காட்டவில்லை. பயிற்சித் தாள்கள் மட்டும்தான். கேட்டால், "எங்க டீச்சர் நேரம்" என்பார்.

நேரம் இருந்திருக்கிறது. ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனபோது கடைச் சுவரில் பார்த்தேன், சட்டம் போட்டுப் புதுசாக ஒன்று. அதே வீதி. கடைகளின் கோடுகள் இப்போது ஒரு மயிரிழை பிசகாமல் மறைபுள்ளிக்குப் போகின்றன, நடந்து போகிறவர்களின் தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் வரிசை பிடித்திருக்கின்றன, நிழலில் கறுப்பு இல்லை. கோபுரம் மட்டும் பழையபடி நேராகத் திரும்பி, ஒன்பது நிலையோடு, சாமிகளோடு. முன்பு அது ஒரு பிசகு மாதிரித் தெரிந்தது. இப்போது சுற்றிலும் எல்லாம் சரியாக இருப்பதாலோ என்னவோ, கோபுரம் வேண்டுமென்றே திரும்பியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியும்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வாய் முந்திக்கொண்டது. "அண்ணே, கோபுரத்தோட மட்டம் இன்னும் ஒட்டல" என்றேன். "தெரியும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு இஞ்ச் டேப்பை எடுத்தார். சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை, கை நீளம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார், சொன்னேன்.

விதியைத் தெரிந்தேதான் விட்டார் என்று எடுத்துக்கொண்டால் என் பாடம் ஜெயித்தது. அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் நான் சொன்ன பதிலை இவர் செய்து காட்டிவிட்டார். ஆனால் அவர் முதலிலிருந்தே வரைய நினைத்தது இதைத்தான், நான் சொன்னதால் கோபுரம் துளியும் மாறவில்லை, சுற்றியுள்ள கடைகள்தான் மாறின. அப்படிப் பார்த்தால் நான் கொடுத்தது குறையே இல்லை, இரண்டு ட்யூப் நிறத்தோடு மூன்றாவதாக இன்னொரு சாமான். ஒருவேளை விமர்சனத்தால் ஆவது அவ்வளவுதானோ, அல்லது அவர் விஷயத்தில் மட்டும்தானோ. படத்தை எங்களிடம் காட்டாமல் கடையில் மாட்டியதைத்தான் இன்னும் என்னால் எதிலும் சேர்க்க முடியவில்லை.

சமீபத்தில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா திருப்பரங்குன்றம் மலையை வரைந்துகொண்டு வந்து, குறை மட்டும் சொல்லுங்க என்றார். நான் கண்ணாடியைப் போடுவதற்குள் பக்கத்து பெஞ்சிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்து, "கறுப்பு கலக்காதீங்கம்மா, நீலமும் பழுப்பும் கலந்து பாருங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் தன் தாளுக்குத் திரும்பிவிட்டார். நான் ட்ரேசிங் பேப்பரை விரித்து, "எங்க நின்னு பார்த்தீங்க?" என்று ஆரம்பித்தேன்.