'செத்தது' என்று எழுதிய டப்பா

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என் மேசை இழுப்பறையில் ஒரு சின்ன டப்பா இருந்தது. புரோகிராம் ஏற மறுத்த ஏடிமெகா328பி சிப்புகள் (மைக்ரோகன்ட்ரோலர், அதாவது ஒரே சிப்புக்குள் அடங்கிய குட்டிக் கணினி) அதற்குள் போகும். மூடியில் 'செத்தது' என்று பேனாவால் எழுதியிருந்தேன்.

எட்டாவது சிப்பும் அங்கே போகவிருந்த நாள் அது. புரோகிராம் ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூட், சிப்பின் அடையாள எண்ணான சிக்னேச்சரைக் கேட்டால் 1இ 95 0எஃப் என்று வர வேண்டும். எனக்கு வந்ததோ வெறும் பூச்சியங்கள். கேபிளை மாற்றினேன். சிப்புக்குத் தரவு போகும் மோசி வயர் 17ஆம் காலில், திரும்பி வரும் மிசோ வயர் 18ஆம் காலில்தானா என்று மூன்று தரம் எண்ணினேன். பாகங்களைச் செருகும் பலகையான பிரெட்போர்டில், மின்சாரம் ஓடும் ஓரப் பட்டையான பவர் ரெயிலில் மீட்டரை வைத்தால் 5 வோல்ட் சரியாக இருந்தது.

பக்கத்து மேசை சார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெயில்ல ஏன் பார்க்கிறீங்க தம்பி? சிப்போட கால்லயே வச்சுப் பாருங்க."

சிப்புக்கு மின்சாரம் நுழையும் 7ஆம் காலில் வைத்தேன். எண் நிற்கவே இல்லை. 2க்கும் 3க்கும் நடுவே அலைந்தது. போர்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: ரெயிலை ஒட்டி ஓடும் சிவப்புக் கோடு நடுவில் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. அச்சுப் பிழை அல்ல. உள்ளே இருக்கும் உலோகப் பட்டையும் அந்த இடத்தோடு முடிகிறது. என் சிப் இருந்தது அடுத்த பாதியில்.

அப்படியானால் அந்த 2, 3 வோல்ட் எங்கிருந்து வந்தது? கணினியிலிருந்து சிப்புக்குப் புரோகிராமை ஏற்றும் கருவியான புரோகிராமரின் சிக்னல் வயர்களிலிருந்துதான். கால்களுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடுகள் வழியாக அது சிப்புக்குள் கசிந்திருக்கிறது. இந்த அரை உயிர்தான் ஆளை அலைக்கழிக்கும். ஒன்றுமே வராமல் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பேன்.

இடைவெளியை ஒரு துண்டு வயரால் இணைத்தேன். சிப்பின் அனலாக் பகுதிக்கு மின்சாரம் நுழையும் 20ஆம் காலான ஏவிசிசியிலும் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்தேன். மின்சாரம் தடுமாறாமல் இருக்க, 7ஆம் காலுக்கும் கிரவுண்டான 8ஆம் காலுக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. சிக்னேச்சர் வந்துவிட்டது.

அப்புறம் கை தானாக இழுப்பறைக்குப் போனது. டப்பாவில் இருந்த ஏழில் மூன்று உடனே பதில் சொல்லின. மற்றவை பூச்சியத்திலேயே நின்றன. பழைய வேலை ஒன்றில் அவற்றின் ஃபியூஸ் பிட்டை, அதாவது கடிகாரத் துடிப்பு எங்கிருந்து வரும் என்று சிப்புக்குச் சொல்லும் அமைப்பை, வெளிக் கிரிஸ்டலுக்கு மாற்றியது நினைவுக்கு வந்தது. என் போர்டிலோ கிரிஸ்டலே இல்லை. கடிகாரத் துடிப்பு இல்லாத சிப் எப்படிப் பேசும்? இன்னொரு போர்டிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை, வெளிக் கடிகாரம் நுழையும் 9ஆம் காலுக்குக் கொடுத்தேன். புரோகிராமரின் வேகம் அதில் கால் பங்குக்கும் கீழே இருக்க வேண்டும் என்பதால் அதையும் நன்றாகக் குறைத்தேன். இன்னும் இரண்டு எழுந்தன. அவற்றின் ஃபியூஸை உடனே உள் கடிகாரத்துக்குத் திருப்பிவிட்டேன்.

மிச்சம் இரண்டு. ரீசெட் காலையே சாதாரணக் காலாக மாற்றும் ஃபியூஸ் அவற்றில் விழுந்திருக்கலாம். அப்படியென்றால் ரீசெட்டில் 12 வோல்ட் கொடுத்துத்தான் மீட்க முடியும். அதற்கான சர்க்யூட்டைச் செய்யும்வரை இரண்டும் டப்பாவில் இருக்கட்டும் என்று வைத்தேன். மூடியில் எழுதியிருந்ததை மட்டும் அன்றைக்கே அழித்துவிட்டேன்.