குளிரில் சேர்ந்த தண்ணீர்

நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். இந்த எஞ்சின் விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. ஏப்ரல் சீசன், நுவரெலியா கிரகரி வாவி, படகின் பின்னால் மாட்டும் நான்கு சிலிண்டர் அவுட்போர்ட், பெற்றோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் வகை. வேகமாகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. துறைக்கு வந்து வேகத்தைக் குறைத்தால்தான் குலுங்கும். நிமிடத்துக்கு 750 சுற்றில் நிற்க வேண்டிய ஐட்லிங் 500க்கு இறங்கும், திடீரென்று ஏறும், ரிவர்ஸ் போட்டால் நின்றே போகும். ஆள் ஏற்றி இறக்கும் இடத்தில் எஞ்சின் கைவிட்டால் என்ன பாடு என்று படகு ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

படகு முதலாளி வரும்போதே தீர்ப்போடுதான் வந்தார். உயரம்தான் காரணமாம். நுவரெலியாவில் எந்த எஞ்சினுக்கு நோய் வந்தாலும் முதலில் மாட்டிக்கொள்வது உயரம்தான். 1,868 மீட்டர், காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதெல்லாம் உண்மை. கார்பரேட்டர் எஞ்சினென்றால் பெற்றோல் கூடிப் புகை கக்கும். இதில் அழுத்தத்தை அளக்க சென்சர் இருக்கிறது, காற்று குறைந்தால் பெற்றோலையும் குறைத்துக்கொள்ளும். அதோடு, போன மாதம் வரை இதே உயரத்தில்தான் நன்றாக ஓடியது. இடையில் வாவி ஒன்றும் மலையேறிவிடவில்லையே.

ஸ்கேனரில் ஒரு பிழைக் கோட்கூட வரவில்லை. இன்ஜெக்டர் சொக்கட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாமல் இருந்தால் அதைக் கழற்றும்போது வித்தியாசம் தெரியாது. இங்கே நான்கிலும் ஒரே அளவுக்கு வேகம் விழுந்தது. அப்படியென்றால் பிழை நான்குக்கும் பொதுவானது, காற்று அல்லது பெற்றோல். எங்காவது காற்றுக் கசிகிறதா என்று இன்டேக் ஓரமெல்லாம் ஸ்ப்ரே அடித்தும் சத்தம் மாறவில்லை. பக்கத்துப் படகின் டாங்கியை மாட்டினேன். குழாயில் கிடந்த பழசு தீரும்வரை முக்கியது, அப்புறம் அடங்கி ஒரே சீராக ஓடியது.

இன்ஜெக்டருக்குப் போகுமுன் பெற்றோல் தங்கும் சின்னத் தொட்டியான வேப்பர் செப்பரேட்டரின் அடி ஸ்க்ரூவைத் திறந்து, கண்ணாடிப் போத்தலில் பிடித்தேன். பார்க்கப் பெற்றோல்தான். கொஞ்ச நேரம் வைத்ததும் அடியில் ஒரு கோடு விழுந்தது. போத்தலைச் சாய்த்தால் கோட்டுக்குக் கீழே இருந்தது சேம்பிலைத் தண்ணீர் மாதிரித் தனியே உருண்டது. டாங்கியின் அடியிலிருந்து இன்னும் அரை டம்ளர் வந்தது. தண்ணீர் பெற்றோலைவிடக் கனம், அடியில்தான் உட்காரும். உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான். முழு வேகத்தில் போகிற பெற்றோலில் ஒரு துளி தண்ணீர் தெரியவே தெரியாது. ஐட்லிங்கில் எஞ்சின் குடிப்பதே துளித் துளியாகத்தான், அதில் ஒன்று தண்ணீராகிவிட்டால் மூச்சு முட்டும்.

இதுவரை வேலை. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாளி போத்தலைப் பார்த்தார். அப்புறம் படகு ஓட்டும் பையனைப் பார்த்தார். 2022 பெற்றோல் வரிசைக் காலத்துப் பழக்கம் அங்கே இன்னும் விடவில்லை, பெற்றோல் செட்டிலிருந்து கேனில் வாங்கி வைத்துத்தான் ஊற்றுகிறார்கள். கேன்கள் தகரத்துக்கு அடியில் பாதியும் வெளியே பாதியுமாகக் கிடந்தன. அந்த வாரம் பின்னேரந்தோறும் மழை. ஊற்றுவது பையனின் வேலை.

“யாரு செஞ்ச வேலை பாஸ் இது?”

“யாரும் செய்யல முதலாளி. இந்தக் குளிருக்கு அரை டாங்கியா வச்சா ராவுல வேர்த்துத் தண்ணி சேரும்.”

“அப்ப, சாயந்திரமே நிரப்பி வச்சா சரியா?”

“சரி” என்றேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. வேர்க்கும்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் நிற்காது. 20 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் அளவுக்குத்தான் நீராவியைத் தாங்கும். 25 லீற்றர் டாங்கி முழுக்க வெறும் காற்றாக இருந்து, இருந்த ஈரமெல்லாம் தண்ணீரானாலும் அரை கிராம் தேறாது. அரை டம்ளர் சேர இருநூறு இரவுக்கு மேல் வேண்டும். இது எனக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பையனைக் காப்பாற்றினேன். சீசன் நடுவே வேலை போனால் அவன் வீட்டில் என்ன ஆகும் என்பதையும் யோசித்துத்தான் சொன்னேன்.

ஃபில்டர் மாற்றிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

“கேன் மூடிய நல்லா இறுக்கித்தான் வச்சேன் அண்ணே.”

“சரி தம்பி, நான்தான் ஒன்னும் சொல்லலையே.”

“அதான் அண்ணே. நீங்களும் நான்தான்னு முடிவு பண்ணிட்டீங்க.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நல்லது செய்தவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. தண்ணீர் வர வேறு வழி இல்லையா என்ன? செட்டின் நிலத்தடித் தாங்கியிலேயே இருந்திருக்கலாம். டாங்கி மூடியின் றப்பர் வாசர் தட்டையாகி வெடித்திருந்ததை அதற்குப் பிறகுதான் கண்டேன். திறந்த படகில் மழை முழுக்க அதன் மேல்தான் விழுகிறது. பத்து நிமிடம் பொறுத்திருந்தால், முதலாளியின் கேள்விக்கு அந்த வாசரையே காட்டியிருக்கலாம். ஆனால் வாசர்தான் என்று நிரூபிக்கவும் என்னிடம் ஒன்றும் இல்லை. “எப்படி வந்ததுன்னு சொல்ல முடியாது” என்று மட்டும் சொல்லியிருந்தால் அது சுத்தமான உண்மை. முதலாளி பார்த்த பார்வைக்கு அந்த உண்மை நேரே பையன் தலையில்தான் விழுந்திருக்கும். இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், பாதி நாள் அது எடுபடுகிறது.

புது வாசர் போட்டு, பில்லிலும் எழுதினேன். முதலாளி கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தார். பையன் இப்போதும் அங்கேதான் ஓட்டுகிறான், தினமும் சாயந்திரம் டாங்கியை விளிம்புவரை நிரப்புகிறான். குளிரில் தண்ணீர் சேரும் கதையை முதலாளி கரையிலுள்ள மற்றப் படகுக்காரர்களுக்கும் சொல்லிவிட்டார் போல. அவர்கள் என்னிடமே வந்து, “உண்மையா பாஸ்?” என்கிறார்கள்.

கொஞ்சம் சேரும் என்கிறேன்.