ஆடிக்காற்றும் துலுஸ்தூ அலையும்: சேலத்திலிருந்து ஒரு வாரம்

ஏழு நாளும் மழை. போன் காட்டியது அதுதான்: கறுப்பு மேகம், மூன்று சொட்டு, நடுவில் ஒரு மின்னல். ஜூலை மூன்றாவது வாரம் சர்ஃபிங்குக்கு, அதாவது போர்டில் நின்று அலையில் சறுக்க, மாலத்தீவின் துலுஸ்தூ தீவுக்குப் போகிறோம் என்றதும் சேலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "மழைக்காலத்துல போயி என்ன பண்ணப் போறீங்க, காசுதான் தண்டம்." நேற்று இரவுதான் வீடு திரும்பினோம். ஏழில் ஐந்து நாள் அலையின் முகம் இழைத்த பலகை மாதிரி இருந்தது. மழையும் தினமும் பெய்தது. வந்தால் இருபது நிமிஷம், பிறகு வெயில்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழைப் படத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைத் தள்ளிப் போடாதீர்கள். பவளப்பாரில் (கடலடிப் பவளப் பாறைத் திட்டில்) உடையும் அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. காற்று எந்தத் திசை, அலைக்கும் அலைக்கும் எத்தனை நொடி, ஓதம் (கடல்மட்டம் ஏறி இறங்குவது) எப்போது ஏறுகிறது, இந்த மூன்றும்தான் கணக்கு. மூன்றையும் சேலத்தில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

காற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது நமக்குத் தெரிந்த காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, ஐந்து ரோட்டில் மண்ணை வாரிக் கண்ணில் போடுகிறதே, சேர்வராயன் உச்சியில் மேகத்தை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறதே, அந்த மேற்குக் காற்றேதான். கடலோரத்தில் கச்சான் என்பார்கள். துலுஸ்தூ இருப்பது வடமாலே தீவு வட்டத்தின் கிழக்கு விளிம்பில். அங்குள்ள பவளப்பார்கள் கிழக்கையும் தென்கிழக்கையும் பார்த்து நிற்கின்றன. மேற்கிலிருந்து வரும் காற்று தீவைத் தாண்டி, உடைய வரும் அலையின் முகத்தில் எதிராக மோதும். ஆஃப்ஷோர் என்பது இதுதான். எதிர்க்காற்று தாங்கிப் பிடிப்பதால் அலையின் உச்சி சீக்கிரம் சரியாது. முகம் செங்குத்தாக நிமிர்ந்து குழலாகச் சுருளும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை தலைகீழ். வடகிழக்குக் காற்று கடலிலிருந்து பாரை நோக்கி அடித்து அலையைக் கலைத்துவிடும். தென்கோளத்தில் அப்போது கோடைகாலம் என்பதால் பெரிய அலைகளும் குறைவு. ஆனால் வானம் நீலமாக இருக்கும், போட்டோ நன்றாக வரும், அறை வாடகை உச்சத்தில் நிற்கும். சர்ஃபிங்குக்கென்று அந்த மாதங்களில் போய்க் காசைக் கொட்டுவது வீண். நாம் போகவேண்டிய மே முதல் அக்டோபர் வரைதான் சுற்றுலாக்காரர்களுக்குச் சீசன் இல்லாத காலம், வாடகையும் இறங்கியிருக்கும். நம் பட்ஜெட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

காற்று 10 முதல் 15 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வரை இருந்தால் அருமை. 20 தாண்டினால் சிரமம். எங்கள் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. டேக்ஆஃப் நேரத்தில், அதாவது அலையைப் பிடித்துப் போர்டில் எழும்போது, சாரல் கண்ணில் அறையும், போர்டின் மூக்கைக் காற்று தூக்கும், அலையோடு இறங்காமல் உச்சியிலேயே தொங்கிவிடுவோம். அந்த அரை நொடித் தாமதத்தில்தான் பாரில் விழுகிறார்கள். வழக்கமான போர்டைவிட மூன்று நான்கு அங்குலம் நீளமானதை எடுங்கள். எழுவதற்கு முன் கூடுதலாக இரண்டு கை துடுப்புப் போடுங்கள். நெஞ்சைத் தாழ்த்தியே வையுங்கள். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பழகியவர்கள் "விடியற்காலையில் காற்று அடங்கிவிடும்" என்று நம்பி நாலு மணிக்கு எழுவார்கள். நம் கரையில் அது சரி, இரவில் நிலத்திலிருந்து காற்று வீசும். கடல் நடுவே சின்னத் தீவில் பருவக்காற்று இராப்பகல் பார்க்காமல் வீசும். தூங்கி எழுந்து நிதானமாகப் போங்கள்.

மழை வரும் விதத்தை மட்டும் கவனிக்க வேண்டும். மேற்கே வானத்தின் அடியில் கரிக்கோடு மாதிரி ஒரு பட்டை தெரியும். மழை விழுவதற்குச் சில நிமிஷம் முன்பே குளிர்ந்த காற்று பாய்ந்து வரும், திசையும் மாறலாம். அந்த நேரத்தில் லைனப்பில் (அலைக்காகக் காத்திருக்கும் இடத்தில்) இருந்தால் சேனல் (பார்களுக்கு நடுவிலுள்ள ஆழமான நீர்வழி) பக்கம் ஒதுங்கி உட்காருங்கள். மின்னல் தெரிந்தால் யோசிக்காமல் கரையேறுங்கள். மழை நின்றதும் சில நேரம் காற்றும் நின்றுபோகும். கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடக்கும். அந்த அரைமணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ஸ்வெல், அதாவது தூரத்துப் புயல் கிளப்பி அனுப்பும் அலை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அலைக் கணிப்பு ஆப்பில் உயரத்தை மட்டும் பார்த்து "1.5 மீட்டர் இருக்கு" என்று குதிக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் நொடியைப் பாருங்கள். 1.5 மீட்டர், 9 நொடி என்றால் அது அக்கம்பக்கத்துக் காற்று கிளப்பிய கொந்தளிப்பு. 1.2 மீட்டர், 16 நொடி என்றால் போர்டுக்கு (கால் வழுக்காமலிருக்க) வேக்ஸ் தேய்க்க ஆரம்பிக்கலாம். காரணம் எளிது. ஆழ்கடலில் அலையின் நீளம் நொடியின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். 9 நொடிக்கு சுமார் 126 மீட்டர், 16 நொடிக்கு சுமார் 400 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வரை அலை தரையை உணரும். 200 மீட்டர் ஆழம் வரை சக்தியைச் சுமந்து வரும் நீண்ட அலை, செங்குத்தாக எழும் பாரில் திடீரென்று முட்டும்போது எழும்பி நிற்கும். 9 நொடி அலைக்கு அந்தக் கனம் கிடையாது.

இந்த நீண்ட அலைகள் பிறப்பது தென்கடலில், நிலநடுக்கோட்டுக்கு 40, 50 பாகை தெற்கே அடிக்கும் புயல்களில். 16 நொடி அலைக்கூட்டம் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலாக நகரும். மாலே நான்கு பாகை வடக்கே இருக்கிறது. ஆக ஐந்து ஆறு நாள் பயணம். விண்டி என்ற காற்று வரைபடத் தளத்தில் கீழே மடகாஸ்கருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் புயல் சிவந்தால், அன்றிலிருந்து ஆறு நாள் எண்ணிக்கொள்ளுங்கள். நொடி இடைவெளி நீளமான அலைகள் முதலில் வரும். செட்டுக்கும் செட்டுக்கும் (செட் என்பது அடுத்தடுத்து வரும் பெரிய அலைகளின் கூட்டம்) இடைவெளி அதிகமாக, கடல் சும்மா கிடப்பது போலத் தோன்றும். அந்த முதல் நாளை நம்பிப் பாரின் மேல் உட்கார்ந்துவிடாதீர்கள். பதினைந்து நிமிஷம் கழித்து வரும் செட் எல்லோரையும் வாரிப்போகும்.

திசையையும் பாருங்கள். ஆப்பில் காட்டுவது அலை எங்கிருந்து வருகிறது என்பது. 160 முதல் 190 பாகை வரை, அதாவது கிட்டத்தட்ட நேர் தெற்கிலிருந்து வந்தால், நல்லது. 210 தாண்டித் தென்மேற்காகிவிட்டால் மற்ற தீவு வட்டங்கள் மறைத்துவிடும், கணிப்பில் 2 மீட்டர் என்றாலும் துலுஸ்தூவில் பாதிகூட வராமல் போகலாம். தெற்குத் தீவுகளுக்குக் கிடைக்கும் அளவு வடமாலேவுக்குக் கிடைக்காது, அதை மனதில் வைத்தே எண்ணைப் படியுங்கள்.

இன்னொரு குறிப்பு. கன்னியாகுமரிக்கும் கேரளக் கரைக்கும் ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் "கள்ளக்கடல்" எச்சரிக்கை விடுமே, காற்றே இல்லாத நாளில் கடல் பொங்கி ஊருக்குள் வருவது, அதுவும் இதே தென்கடல் அலைதான். கன்னியாகுமரி மாலேயைவிட நான்கு பாகை வடக்கு. அதனால் அங்கே எச்சரிக்கை என்றால் மாலத்தீவில் சுமார் அரை நாள் முன்பே அலை வந்திருக்கும். தமிழ்ச் செய்தியில் அந்த வார்த்தையைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருங்கள்.

ஓதத்துக்கு ஆப்பே வேண்டாம், அடுப்படியில் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் அதிகம். அஷ்டமி ஒட்டிக் குறைவு. மாலத்தீவில் பெரிய ஓதமே ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் பாரின் மேல் இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கிறது என்னும்போது அந்த ஒரு மீட்டர்தான் எல்லாம். துலுஸ்தூவின் கோக்ஸ் என்ற அலைக்குப் பாதி ஏற்றத்திலிருந்து முழு ஏற்றம் வரை நல்ல நேரம். வற்றத்தில் உள்பகுதி மிக ஆழம் குறைந்துவிடும், அங்கே அலையைத் தொடராமல் முன்பே வெளியேறிவிடுங்கள். அமாவாசை பௌர்ணமியில் தீவுகளுக்கு நடுவிலுள்ள சேனலில் நீரோட்டம் ஆறு மாதிரி ஓடும். எதிர்த்து நீந்தித் தோள் போனவர்களை ஒவ்வொரு நாளும் பார்த்தோம். குறுக்காகப் போங்கள்.

இதில் ஒரு சந்தோஷமான விஷயம். தீவுக்காரர்கள் வானிலையை நட்சத்திரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நகை என்கிறார்கள், நட்சத்திரம் என்பதன் திரிபு. மொத்தம் 27, ஒவ்வொன்றும் பதின்மூன்று பதினான்கு நாள். தென்மேற்குப் பருவத்துக்கு 18, வடகிழக்குக்கு 9. அஸ்ஸிதா நம் அசுவினி, புருணு பரணி, கெத்தி கார்த்திகை, ரோவாணு ரோகிணி. நமக்கு அக்னி நட்சத்திரம் எரியும் நாட்களில் அங்கே கெத்தி நடக்கும். ஏற்காட்டுக்குக் கோடை விழாவுக்கு வண்டிகள் இருபது கொண்டை ஊசி வளைவையும் அடைத்து நிற்கும்போது அங்கே காற்று மேற்கே திரும்பியிருக்கும். படகுக்கார அண்ணன் ஒருவர் வானத்தைப் பார்த்து "ஃபுஸ்" என்றார். பூசம்!

அலைகளைப் பற்றி: துலுஸ்தூவில் கோகோ கோலா தொழிற்சாலை இருக்கிறது, அதனால் கோக்ஸ். வலப்பக்கம் ஓடும், கனமான, குழலாகும் அலை. தீவிலிருந்தே துடுப்புப் போட்டுப் போகலாம். சேனலுக்கு எதிர்ப்பக்கம் சிக்கன்ஸ், முன்பு அங்கே கோழிப்பண்ணை இருந்ததாம். இடப்பக்கம் நீளமாக ஓடும், கோக்ஸைவிடப் பொறுமையானது, படகில்தான் போக வேண்டும். முதல் பவளப்பார் அனுபவத்துக்குச் சிக்கன்ஸ், அதுவும் அலை சின்னதாக இருக்கும் நாளில். இரண்டுமே கற்றுக்கொள்ளும் இடம் அல்ல. மணல் தரையில், கோவளத்தில், தலைக்குமேல் உயரும் அலையில் போர்டைத் திருப்பத் தெரிந்த பிறகு வாருங்கள்.

விழும்போது தலைகீழாகப் பாயாதீர்கள். தட்டையாக, முதுகோ பக்கமோ கொடுத்து விழுந்து, இரண்டு கையாலும் தலையைச் சுற்றிக்கொள்ளுங்கள். காலால் தரையைத் தேடவே கூடாது. சிராய்த்தால் உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்து, பவளத் துணுக்கை இடுக்கியால் எடுத்து, பீட்டாடின். வலிக்கும், ஆனால் ஒரு துணுக்கு உள்ளே நின்றுவிட்டால் இரண்டே நாளில் சீழ் வைத்துவிடும், மீதிப் பயணம் கரையில்தான். போர்டில் ஓட்டை விழுந்தால் அன்றே கடலை விட்டு எடுங்கள், நுரை தண்ணீர் குடிக்கும். ஈபிஎஸ் (தெர்மோகோல் வகை) நுரைப் போர்டுக்கு எபாக்ஸி ரெசின் மட்டுமே. பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அந்த நுரை கரைந்து குழியாகிவிடும். எரியும் திரவம் என்பதால் பாலியெஸ்டர் ரெசினை விமானத்தில் ஏற்ற முடியாது. டிங் டேப் (போர்டின் ஓட்டையை மூடும் ஒட்டு நாடா) ஒரு சுருள், உபரி லீஷ் (போர்டைக் காலோடு கட்டும் கயிறு) இரண்டு, ஃபின் சாவி (போர்டின் அடியிலுள்ள துடுப்பை மாட்ட), வெப்பக் கடலுக்கான கெட்டி வேக்ஸ் எடுத்துப் போங்கள். குளிர்நீர் வேக்ஸ் 28 டிகிரித் தண்ணீரில் உருகி வழியும்.

இப்போது காசு. பெங்களூரு விமான நிலையத்துக்கு வாடகை வண்டி பேசியபோது ஒரு தொகை. வாசலில் போர்டுப் பையைப் பார்த்ததும் "கேரியர் சார்ஜ்" 1,500. பாதி வழியில் கர்நாடகா பெர்மிட் தனி, டோல் தனி, டிரைவர் பேட்டா தனி, திரும்பிப் போகக் காலி வண்டிக்கும் தனி. அநியாயம். பையின் நீளத்தையும் பெர்மிட், டோல், பேட்டா எல்லாம் சேர்த்த தொகையையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டுதான் வண்டியில் ஏற வேண்டும். போர்டுக்கு விமானக் கம்பெனி வாங்கும் கட்டணமும் நீள வரம்பும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள். மலிவு டிக்கெட் என்று எடுத்துப் போர்டுக்கு டிக்கெட் அளவு கட்டியவர்கள் உண்டு.

மாலேயிலிருந்து ஸ்பீட் போட்டில் அரைமணி நேரம். மலிவான படகுகள் வெள்ளிக்கிழமை ஓடாமல் இருக்கலாம், வார விடுமுறை. வெள்ளியில் போய் இறங்காதீர்கள். சிறிய விடுதிகளில் தலைக்கு ஓர் இரவுக்கு 6 டாலர் பசுமை வரி, ஏழு இரவுக்கு 42 டாலர். பலர் அறை வாடகையில் சேர்த்துச் சொல்வதில்லை, கேட்டு வாங்குங்கள். பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் ஐமூகா என்ற மாலத்தீவுக் குடிவரவுப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி.

சாப்பாடுதான் எதிர்பார்க்கவே இல்லாதது. காலையில் மஸ் ஹுனி: சூரை மீனை உதிர்த்து, துருவிய தேங்காய், பொடிப்பொடியாய் நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை, கையாலேயே பிசைவார்கள். வெங்காயத்தையும் மிளகாயையும் உப்போடு முதலில் நசுக்கிவிட்டுத்தான் தேங்காய் சேர்க்கிறார்கள், அந்தச் சாறுதான் ருசி. கூட ரொஷி, நம் சப்பாத்திக்குத் தங்கை. இரண்டு மணி நேரம் கடலில் கிடந்துவிட்டு வந்து அதைச் சாப்பிட வேண்டும்! நம் கடையில் மாசிக் கருவாடு என்று விற்பது இவர்கள் ஊர்ச் சரக்குதான். சைவம் சாப்பிடுவோருக்கு வழி குறைவு. ஜவ்வரிசி, அவல், பொடி வகைகள், ஒரு பை தட்டுவடை, முறுக்கு எடுத்துப் போங்கள். உள்ளூர்த் தீவுகளில் மது கிடையாது, பெட்டியில் வைத்தும் கொண்டுபோகக் கூடாது.

புரட்டாசியில் போக நினைப்பவர்களுக்கு: செப்டம்பர், அக்டோபரில் மேற்குக் காற்று தணிந்து தாங்கும் அளவுக்கு வரும், தென்கடல் அலையும் இன்னும் ஓயாது. காலண்டரில் அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்துத் தொடங்கி அஷ்டமி தாண்டும் மாதிரி எட்டு இரவு எடுங்கள். பெரிய ஓதமும் சின்ன ஓதமும் இரண்டும் கைக்கு வரும். படகுக்கு வாரம் முழுவதற்கும் முன்பணம் கட்டாதீர்கள். முந்தைய நாள் மாலை ஏழு மணிக்குக் காற்றையும் நொடியையும் பார்த்துவிட்டு மறுநாளுக்கு மட்டும் சொல்லுங்கள்.